மங்களம் பாடும் பொழுதுபோக்கு

குரோம்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 43, வங்கிக் கிளை ஒன்றில் துணை மேலாளர். நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்:

"மேடம், டிசம்பர் கடைசி வாரம் ஐந்து நாள் லீவு எடுத்தேன். வருஷம் பூராவும் ஓடியதற்குக் கொஞ்சம் ஆறலாம் என்றுதான். மூன்றே ராத்திரியில் பதினாறு எபிசோட் கொரியன் சீரியல் ஒன்றைப் பார்த்து முடித்துவிட்டேன். பத்து மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது நாலு. முடிந்தபோது யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது. ஜனவரி 1 அன்று ஏழு தீர்மானம் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன்: ஐந்து மணிக்கு எழுவது, சர்க்கரை கிடையாது, தினம் பத்தாயிரம் அடி நடை, மாதம் நாலு புத்தகம், சீரியல் கிடையாது, இரவு ஒன்பதுக்கு மேல் ஃபோன் கிடையாது, பையனிடம் கத்தக் கூடாது. நாலாம் தேதிக்குள் ஐந்து காலி. ஆபீஸ் போய் சீட்டில் உட்கார்ந்தால் அழுகை முட்டுகிறது. லீவில் போனதைவிடக் களைப்பாகத் திரும்பி வந்திருக்கிறேன். வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட் வேலை. பையன் ஒன்பதாவது படிக்கிறான், அவன் உலகம் அவன் ஃபோன். மாமியாருக்கு எழுபத்தொன்று, சாயங்காலம் ஆறானால் டிவி அவர் கையில். எனக்கு அட்வைஸ் வேண்டாம் டாக்டர். என்ன பார்க்கலாம், என்ன கேட்கலாம், என்ன படிக்கலாம், எங்கே போகலாம் என்று ஒரு லிஸ்ட் கொடுங்கள். புது வருஷத்துக்குள் மெதுவாக நுழைகிற மாதிரி. ஃபோனைத் தூக்கிப் போடு என்று மட்டும் சொல்லாதீர்கள்."

அன்புள்ள வாசகிக்கு,

ஃபோனைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். அது விற்கிற விலைக்கு அப்படியெல்லாம் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை. லிஸ்ட் தருகிறேன். ஆனால் அது எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது தீர்மானமாக ஃப்ரிட்ஜ் கதவில் ஏறிவிடக் கூடாது என்பதால், பேசிக்கொண்டே தருகிறேன். அப்புறம், நான் மருந்து எழுதித் தரும் டாக்டர் இல்லை, ஆலோசகர்தான். 'மேடம்' போதும்.

முதலில் அந்தப் பதினாறு எபிசோட். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. மூன்று ராத்திரியில் பதினேழு, பதினெட்டு மணி நேரம். இதையே ஆபீஸில் செய்யச் சொல்லியிருந்தால் யூனியனிடம் போயிருப்பீர்கள். ஊர் பேர் தெரியாத மனிதர்களின் காதல், பிரிவு, ஆஸ்பத்திரி, மழை எல்லாவற்றையும் தோளில் போட்டுக்கொண்டு, அதையும் சப்டைட்டில் வழியாகப் படித்துக்கொண்டு, நாலு மணிக்குப் படுத்து, ஆறரைக்குப் பால்காரர் மணி அடித்ததும் எழுந்தால் களைப்பு வராமல் என்ன செய்யும்? லீவு எடுத்தீர்கள், ஓய்வு எடுக்கவில்லை. அதற்காக உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். ஜனவரி முதல் இரண்டு வாரம் என் அறைக்கு வருகிறவர்களிடம் நான் அதிகம் கேட்பதே "லீவு முடிந்துவிட்டது, ஆனால் ஆறவே இல்லை" என்பதைத்தான்.

தப்பு அந்த சீரியலில் இல்லை. நல்ல கதையாகத்தான் இருந்திருக்கும். வேறொன்று இருக்கிறது.

கச்சேரிக்குப் போயிருப்பீர்கள். வர்ணத்தில் ஆரம்பிக்கும். நடுவில் பெரிய உருப்படி, தனி ஆவர்த்தனம் (அந்த நேரத்தில் பாதிப் பேர் கேன்டீனில் இருப்பார்கள், அது தனிக் கதை), அப்புறம் துக்கடாக்கள். கடைசியில் கச்சேரியை முடித்துவைக்கும் மங்களமாக, சௌராஷ்டிர ராகத்தில் 'பவமான' என்று எடுத்ததும் அரங்கு முழுக்க ஒரு சலசலப்பு. காலால் செருப்பைத் தேடுகிறார்கள். பையில் கண்ணாடிக் கூடு இருக்கிறதா என்று தடவுகிறார்கள். ஒருவர் ஆட்டோவுக்கு ஆப்பைத் திறந்துவிட்டார். "போதும், எழுந்திருங்கள்" என்று யாரும் வந்து சொல்லவில்லை. மங்களம் சொல்லிவிட்டது.

உங்கள் கையில் இருக்கிற திரைக்கு மங்களம் பாடத் தெரியாது. எபிசோட் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பிக்கும்போதே மூலையில் ஐந்து, நான்கு, மூன்று என்று எண்கள் இறங்குகின்றன. அந்தச் சில விநாடியில் நாளைய ஆபீஸ், பையனின் பரீட்சை, தூக்கம் எல்லாவற்றையும் யோசித்து முடிவெடுக்க வேண்டியவர் நள்ளிரவு ஒன்றரை மணிக்கு அரைத்தூக்கத்தில் இருக்கும் நீங்கள். ரீல்ஸில் அந்தச் சில விநாடிகூடக் கிடையாது. ஆக, இந்த ஜனவரிக்கு என்னிடம் இருப்பது ஒரே அளவுகோல்தான்: தானாக முடிகிறதா? முடிந்தால் பாருங்கள், கேளுங்கள், போங்கள்.

சீரியலையும் அந்த அளவுகோலுக்குள் கொண்டுவரலாம். ஆப்பின் அமைப்புகளுக்குள் போய் 'அடுத்த எபிசோட் தானாக ஓடுவது' என்பதை அணைத்துவிடுங்கள். பெரும்பாலான ஓடிடி ஆப்களில் அந்த வசதி இருக்கிறது. யூடியூபில் வீடியோ மேலேயே ஒரு சின்னப் பொத்தான். இரண்டாவது ஒரு தந்திரம், இது என் சொந்த அனுபவம்: எபிசோட் முடிகிற இடத்தில் நிறுத்தவே முயலாதீர்கள். அங்கேதான் முடிச்சு இறுகும். எழுதியவருக்கு அதற்குத்தான் சம்பளம். அடுத்த எபிசோடில் பதினைந்து இருபது நிமிஷம் ஓடினால் அந்த முடிச்சு அவிழ்ந்து, கதை கொஞ்சம் மூச்சு விடும். கதாநாயகி சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். அங்கே நிறுத்துங்கள். நடு எபிசோடில் நிறுத்துவதற்குப் பழக இரண்டு நாள் ஆகும். மூன்றாம் நாள் அது பாட்டுக்கு வரும்.

'தொடரும்' என்ற வார்த்தை நமக்குப் புதிதா என்ன? 'பொன்னியின் செல்வன்' கல்கி பத்திரிகையில் 1950 அக்டோபரில் ஆரம்பித்து 1954 வரை மூன்றரை வருஷம் வாராவாரம் வந்தது. ஒவ்வொரு அத்தியாயத்திலும் யாராவது ஒருவர் மதில் மேல் தொங்கிக்கொண்டிருப்பார். ஆனால் அடுத்த இதழ் வரும்வரை அவர் தொங்கியே ஆக வேண்டும். படித்தவர்கள் அந்த ஏழு நாளில் சமைத்தார்கள், ஆபீஸ் போனார்கள், வந்தியத்தேவன் என்ன ஆனான் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். கதை அவர்கள் வாழ்க்கைக்கு நடுவே ஓடியது. இப்போது 'தொடரும்' என்பதற்கு ஐந்து விநாடி என்று பொருள்.

மாதம் நாலு புத்தகம் என்ற தீர்மானத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பாகமும் சேர்த்து 293 அத்தியாயம். தினம் ஒன்று, பத்துப் பதினைந்து நிமிஷம். இந்த வாரம் ஆரம்பித்தால் அக்டோபர் கடைசியில் முடியும். படம் பார்த்தாயிற்றே என்பீர்கள். நல்லதுதான்! என்ன ஆகும் என்று தெரிந்துவிட்டதால், இன்னும் ஒரு அத்தியாயம் என்ற பதைப்பு பாதியாகக் குறையும். வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிற அந்த முதல் காட்சியை நிதானமாகப் படிக்கலாம். காசு கொடுத்து வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. மதுரைத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அந்த மின்தொகுப்பு முயற்சி 1998-ல் பொங்கலன்று தொடங்கியது என்பது கூடுதல் சுவாரஸ்யம். ஃபோனில் படித்தாலும் சரி, ஃபோன் மேல் எனக்குப் பகை இல்லை. படுக்கையில் மட்டும் வேண்டாம்.

படுக்கை என்றதும் தூக்கம். மூன்று நாள் நாலு மணிக்குப் படுத்ததில் உடம்பின் கடிகாரம் பின்னுக்குப் போய்விட்டது. இதைச் சரிசெய்ய "இன்று ஒன்பதரைக்கே படுத்துவிடுவேன்" என்று போய்ப் படுத்தால் வராது. புரண்டு புரண்டு, கடைசியில் கை ஃபோனைத் தேடும். எழுகிற நேரத்தை ஒரே நேரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஐந்து வேண்டாம், ஆறே கால் போதும். எழுந்த அரை மணிக்குள் வெளிவெளிச்சம் கண்ணில் பட வேண்டும். படுக்கிற நேரம் அதுவாகப் பின்னாலேயே வரும்.

இதற்கு மார்கழியைப் போல ஒத்தாசையான மாதம் கிடையாது, அது இன்னும் பத்து நாள் பாக்கி இருக்கிறது. தெருமுனைக் கோயில் ஒலிபெருக்கி எப்படியும் உங்களை எழுப்பிவிடும். பொழுதுபோக்கு என்றால் ராத்திரிக்கு உரியது என்று யார் சொன்னது? காலையில் வாசலில் ஒரு கோலம். சிக்குக்கோலம் வராவிட்டால் நேர்புள்ளி ஐந்துக்கு ஐந்து. பதினைந்து நிமிஷத்தில் கடைசிக் கோடு முதல் கோட்டைத் தொட்டதும் முடிந்தது. அதற்கு மேல் போட இடமும் இல்லை. குளிர்காற்று, வெளிச்சம், குனிந்து நிமிர்தல், பக்கத்து வீட்டு அம்மாவின் கோலத்தைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமை, எல்லாம் ஒரே செலவில்.

கோலம் போடும்போது திருப்பாவை ஒரு பாட்டு கேட்கலாம். ஒன்றே ஒன்று, அன்றைய தேதிக்கு உரியது. எம்.எல்.வசந்தகுமாரி பாடியது சுலபமாகக் கிடைக்கும். அரியக்குடி ராமாநுஜ ஐயங்கார் மெட்டமைத்த அந்தப் பாட்டுகளைத்தான் பல வீடுகளில் வானொலியோடு சேர்ந்து காப்பி ஆற்றிக்கொண்டே கேட்டு வளர்ந்தோம். உங்களுக்குப் பக்தி இருக்க வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை. எட்டடிப் பாட்டு, முப்பது நாள், முப்பது பாட்டு. இத்தனை அழகாக வெட்டி வைத்த தொடரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதில் உங்கள் ஃப்ரிட்ஜ் கதவுக்கும் ஒரு செய்தி உண்டு. இரண்டாம் பாட்டில் அந்தப் பெண்கள் தீர்மானம் போடுகிறார்கள்: நெய் உண்ண மாட்டோம், பால் உண்ண மாட்டோம், மை இட மாட்டோம், பூ முடிக்க மாட்டோம். உங்களுடையதைவிடக் கடுமையான லிஸ்ட். ஆனால் இருபத்தேழாம் பாட்டு வரும்போது பால்சோறு மூட நெய் ஊற்றி, அது முழங்கை வழியாக வழிய, எல்லோரும் கூடி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அந்த நாள்தான் கூடாரவல்லி, ஜனவரி 11 வாக்கில் வரும், அக்காரவடிசில் என்ற இனிப்புப் பால்சோறு செய்வார்கள். ஆண்டாளின் தீர்மானத்துக்கு முடிகிற தேதி இருந்தது, முடிவில் நெய்யும் இருந்தது. உங்களுடைய ஏழில் மூன்றில் 'கிடையாது' இருக்கிறது, எதிலுமே கடைசித் தேதி இல்லை. சர்க்கரை கிடையாது என்றால் எப்போது வரை? டிசம்பர் 31 வரையா? நாலாம் தேதி அது போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. கூடாரவல்லி வரை என்று மாற்றிக்கொள்ளுங்கள். அன்றைக்கு வடிசில் செய்து சாப்பிட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். ஜனவரி 1 அன்றே எல்லாம் தொடங்கிவிட வேண்டும் என்று உங்களை யார் துரத்தியது? தை ஒன்று இருக்கிறது. சித்திரை ஒன்று இருக்கிறது. பையனுக்குப் புது வருஷம் ஜூனில். வங்கியிலோ கணக்குப் புத்தகமே ஏப்ரல் 1-ல்தான் புதிதாகத் திறக்கிறது, அதை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வாசல் இருக்கும்போது முதல் வாசலில் தடுக்கி விழுந்ததற்கு அழ வேண்டுமா?

சரி, எங்கே போகலாம் என்று கேட்டீர்கள். முதல் இடம், உங்கள் மொட்டை மாடி.

சிரிக்காதீர்கள். பொங்கலை ஒட்டிய நான்கு நாட்களில் தமிழ்நாடு முழுவதும் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' என்று ஒன்று நடக்கிறது. 2015-லிருந்து வருஷாவருஷம் நடக்கிறது. பறவை ஆர்வலர்கள் ஒருங்கிணைக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஏதாவது ஒரு இடத்தில் குறைந்தது பதினைந்து நிமிஷம் நின்று, கண்ணில் படுகிற, காதில் விழுகிற பறவைகளை எண்ணி, இபேர்ட் என்ற இலவச ஆப்பில் பதிவது. காடு, ஏரி எதுவும் வேண்டாம். பைனாகுலரும் வேண்டாம்.

போன வருஷம் மாட்டுப்பொங்கல் காலை நானும் என் நாத்தனாரும் மாடியில் கனு வைத்தோம். மஞ்சள் இலையில் மஞ்சள் சாதம், குங்குமம் கலந்த சிவப்பு சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் சின்னச் சின்ன உருண்டையாக. "காக்காப் பிடி வச்சேன், கனுப் பிடி வச்சேன், காக்காய்க்கும் குருவிக்கும் கல்யாணம்" என்று அவர் சொல்லி முடிக்கவில்லை, முதலில் வந்தது அணில். அது கணக்கில் சேராது. சர்க்கரைப் பொங்கலை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டது. அப்புறம் காக்கைகள். எண்ண வேண்டும் என்று நின்றபோதுதான் கவனித்தேன், சிலதுக்குக் கழுத்து சாம்பல் நிறம், இரண்டு மட்டும் உச்சியிலிருந்து வால் வரை ஒரே கறுப்பு, அலகும் தடிமன். முதலாவது வீட்டுக் காக்கை, இரண்டாவது அண்டங்காக்கை. ஐம்பது வருஷமாக இரண்டையும் காக்கா என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். கேபிள் வயரில் தகைவிலான் வரிசையாக உட்கார்ந்திருந்தது. வால் இரண்டாகப் பிரிந்த சின்னப் பறவை, குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வந்து போகிறது. மைனா, பச்சைக்கிளி, உயரத்தில் ஒரு பருந்து. பதினைந்து நிமிஷம் முடிந்து போனில் மணி அடித்தபோது நாத்தனார் "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றார். அது நல்ல 'இன்னும் அஞ்சு நிமிஷம்'.

நன்றாகப் பிடித்துப்போனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேடந்தாங்கல் போகலாம். பொங்கலுக்கு முன்னாலோ தை பாதிக்கு மேலோ போங்கள். காணும் பொங்கலன்று போனால் பறவையைவிட மனிதத் தலைதான் தெரியும். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை எல்லாம் ஒரே மரத்தில் சண்டை போட்டுக்கொண்டு குடித்தனம் நடத்துவதைப் பார்த்தால், உங்கள் கூட்டுக்குடும்பம் மேல் கொஞ்சம் மரியாதை வரும்.

அதே மாடியில் ராத்திரிக்கும் ஒன்று இருக்கிறது. எட்டு மணிவாக்கில் கிழக்கே பாருங்கள். மூன்று நட்சத்திரம் ஒரே கோட்டில் நெருக்கமாக இருக்கும். அதற்கு இடது பக்கம் சற்றுத் தள்ளிச் சிவந்த ஒன்று, அதுதான் திருவாதிரை. களி கிண்டிச் சாப்பிடுகிறோமே தவிர, அந்த நட்சத்திரத்தை நேரில் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? பத்து நிமிஷத்தில் கழுத்து வலிக்கும், கீழே இறங்கிவிடுவீர்கள்.

வீட்டை விட்டு வெளியே என்றால் கச்சேரி. டிசம்பர் சீசனின் பெரிய கூட்டம் முடிந்துவிட்டது, ஆனால் சில சபாக்களில் பொங்கல் வரை நடக்கும். ஜனவரி முதல் வாரங்களில் மியூசிக் அகாடமியில் நாட்டிய விழாவும் உண்டு. பெரிய பெயர்களுக்கு டிக்கெட் தேடி அலைய வேண்டாம். மதியக் கச்சேரிகளில் இளம் பாடகர்கள் பாடுவார்கள், பெரும்பாலும் டிக்கெட் கிடையாது, அரங்கில் பாதி நாற்காலி காலியாக இருக்கும். ராகம் தெரியாது என்று தயங்காதீர்கள், முன் வரிசையில் தொடையில் ஓங்கித் தாளம் போடுகிற மாமாவுக்கும் பாதிதான் தெரியும். இருட்டில், யாரும் எதுவும் கேட்காத இரண்டு மணி நேரம். உங்களைப் போல நாள் பூராவும் கவுன்டருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பதில் சொல்கிறவருக்கு அதுவே பெரிய விஷயம். கர்நாடக இசை ஒத்துவராவிட்டால் பொங்கல் நாட்களில் அரசு நடத்தும் சென்னை சங்கமம் இருக்கிறது. பல இடங்களில், சாயங்காலம், இலவசமாக. பறை அடிக்கும்போது உட்கார்ந்திருக்கவே முடியாது, பையனையும் இழுத்துக்கொண்டு போங்கள்.

புத்தகக் கண்காட்சி பற்றி நானே ஜாக்கிரதையாகத்தான் பேச வேண்டும். 1977-ல் தொடங்கிய அந்தக் கண்காட்சிக்கு நான் ஏறக்குறைய முப்பது வருஷமாகப் போகிறேன். போன வருஷம் பதினான்கு புத்தகம் வாங்கினேன், படித்தது மூன்று. மீதி அலமாரியிலிருந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கின்றன. புத்தகம் வாங்கும்போது அதைப் படிக்கிற நேரத்தையும் சேர்த்து வாங்கிவிட்டதாக ஒரு மயக்கம் வரும். நீங்கள் போனால் ஒரே ஒரு புத்தகம், அதுவும் இருநூறு பக்கத்துக்குள். வாங்கியதும் வெளியே பஜ்ஜிக் கடைப் பக்கம் உட்கார்ந்து முதல் இருபது பக்கம் படித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும்.

இனி மாமியார். ஆறு மணிக்கு டிவி அவர் கையில் என்று கொஞ்சம் சலிப்போடு எழுதியிருக்கிறீர்கள். கவனித்தீர்களா, இந்த விஷயத்தில் அவர் உங்களைவிடத் தேவலை. அவருடைய சீரியல் அரை மணியில் முடிந்து நாளைக்கு வா என்கிறது, அவரும் எழுந்து போய்த் தூங்குகிறார்! அவரிடம் தாயக்கட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டால் ஆயிற்று, தரையில் சாக்பீஸால் கட்டம். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பதைப் பையனுக்கு அவரே சொல்லிக்கொடுக்கட்டும். உங்கள் காயை மாமியார் வெட்டும்போது அவர் முகத்தில் வருகிற சந்தோஷத்தை நீங்கள் வேறு எந்தச் சந்தர்ப்பத்திலும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு ஆட்டம் முக்கால் மணி நேரம். பரமபதம் மட்டும் வேண்டாம். வைகுண்ட ஏகாதசி ராத்திரி விழித்திருப்பதற்காக ஆடுவது அது. உச்சிக்குக் கிட்டே போய்ப் பெரிய பாம்பு கடித்தால் மறுபடி அடியிலிருந்து, அதற்கு மங்களம் எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

படம் பார்க்க வேண்டும் என்றால் வாரத்தில் ஒன்று, சனிக்கிழமை மதியம், எல்லோரும் சேர்ந்து. புதிது வேண்டாம், ஏற்கெனவே பார்த்துச் சிரித்த படம். களைத்த மனசுக்கு அடுத்து என்ன என்று தெரிந்திருப்பதே பாதி ஓய்வு. என் தேர்வு ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை', 1964. நாகேஷ் ஓஹோ புரொடக்ஷன்ஸுக்காகத் தன் அப்பா பாலையாவிடம் பேய்க் கதை சொல்கிற அந்தக் காட்சியில், கதை சொல்கிறவரைப் பார்க்காதீர்கள், கேட்கிறவர் முகத்தைப் பாருங்கள். உங்கள் பையன் முதல் பத்து நிமிஷம் ஃபோனைத்தான் பார்ப்பான். ஒன்றும் சொல்லாதீர்கள். அந்தக் காட்சிக்கு அவன் தலை நிமிரும். அந்தக் காலப் படங்களில் கடைசியில் 'சுபம்', 'வணக்கம்' என்று ஏதாவது போட்டு விளக்கைப் போட்டுவிடுவார்கள். அதுவும் மங்களம்தான்.

இத்தனையையும் செய்யாதீர்கள். வாரத்துக்கு இரண்டு போதும், அதிலும் ஒன்று வேறு யாரோடாவது சேர்ந்து செய்வதாக இருக்கட்டும். செய்யத் தோன்றும்வரை காத்திருந்தால் தோன்றாது, அதையும் சொல்லிவிடுகிறேன். களைப்பின் குணமே அது. விருப்பம் வந்து கோலப்பொடியை எடுப்பதில்லை. பொடியை எடுத்து நாலு புள்ளி வைத்த பிறகு விருப்பம் மெல்ல எட்டிப் பார்க்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். சீட்டில் உட்கார்ந்ததும் அழுகை முட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தூக்கம் ஒழுங்கான பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் அது நீடித்தால், முன்பு பிடித்தது எதுவுமே இப்போது பிடிக்கவில்லை என்று ஆனால், சாப்பாடு இறங்காவிட்டால், அல்லது வாழ்ந்து என்ன என்று ஒரு தடவை தோன்றினால்கூட, கோலமும் கச்சேரியும் அதற்கு மருந்தில்லை. ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அதுவரை காத்திருக்க முடியாத நேரம் என்றால் 14416, டெலி மானஸ். மத்திய அரசின் இலவச உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். இந்த எண்ணை வேண்டுமானால் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

பொங்கல் முடிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். தீர்மானங்கள் என்ன ஆயின என்று கேட்க மாட்டேன். உங்கள் மாடியில் எத்தனை காக்கை, அதில் எத்தனை அண்டங்காக்கை என்று மட்டும் எழுதினால் போதும். மாமியாரின் எண்ணிக்கையும் உங்கள் எண்ணிக்கையும் ஒத்துப்போகாது, இரண்டையுமே எழுதுங்கள்.